நெற்பயிர் குட்டையானது எப்படி?

“என் தாத்தா காலத்தில் நெல் தோளுயரம் நிற்கும், வயலுக்குள் இறங்கினால் ஆள் தெரியாது என்கிறார்கள். இப்போது எங்கள் ஊரில் எந்த வயலிலும் நெல் இடுப்புக்கு மேல் வரவில்லை. இது யூரியா கொட்டியதால் வந்த வினையா, மரபணு மாற்றப்பட்ட விதையா, அல்லது மண் செத்துப்போனதா?” என்பது கேட்கப்பட்டிருக்கும் கேள்வி.

மூன்றும் இல்லை. யூரியா எந்தப் பயிரையும் குட்டையாக்காது; தழைச்சத்து கூடினால் பயிர் உயரவே செய்யும். நம் வயல்களில் நடப்படும் நெல் ரகங்களில் வேற்றுயிரின் மரபணு புகுத்தப்பட்டது எதுவும் இல்லை. மண்ணின் வளம் குறைந்திருக்கலாம் என்றாலும், அதே மண்ணில் மாப்பிள்ளைச் சம்பாவை நட்டால் அது இன்றும் தோளுக்கு வந்துவிடுகிறது. ஆகவே மாறியது விதைதான்; அதுவும் தானாக மாறியதன்று, குட்டையான பயிர் வேண்டுமென்று பலர் பல நாடுகளில் ஆண்டுக்கணக்கில் தேடி எடுத்த குணம் அது. வேளாண்மையில் நடந்த புதுமைகள் என்றதும் டிராக்டர், பம்புசெட், உரம் என்று பட்டியல் வரும். என் கணிப்பில், ஆசியாவின் சோற்றுப் பானையைப் பொறுத்தவரை அவை எல்லாவற்றையும்விடப் பெரிய புதுமை, ஒரு புல்லின் தண்டை இரண்டடி குறைத்ததுதான்.

முதலில், பழைய நெல் ஏன் உயரமாக இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். உயரம் அன்று குறையன்று. வடிகால் இல்லாத பள்ளக்கால் வயலில் ஐப்பசி, கார்த்திகை மழைக்கு முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும்போது, தலையை நீருக்கு மேலே வைத்திருக்கும் பயிரே பிழைக்கும். களை முளைத்தாலும் உயரமான பயிர் நிழல் கட்டி அதை அமுக்கிவிடும். உழவு மாட்டுக்கு வைக்கோல் வேண்டும், வீட்டுக் கூரைக்கும் வைக்கோல் வேண்டும். கொழிஞ்சி, ஆட்டுக்கிடை, தொழுவுரம் ஆகியவற்றிலிருந்து கிடைத்த அளவான சத்தைக் கொண்டு, அளவான நெல்லையும் நிறைய வைக்கோலையும் தந்த பயிர் அது. அந்த வாழ்க்கைக்கு அந்தப் பயிர் சரியாகப் பொருந்தியிருந்தது.

சிக்கல், கூடுதல் சத்து கையில் கிடைத்தபோது தொடங்கியது. காற்றிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் முறையை ஜெர்மனியில் ஃபிரிட்ஸ் ஹாபர் கண்டறிந்து, கார்ல் போஷ் அதைத் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்த பின், 1913 முதல் தழைச்சத்து ஆலையில் உற்பத்தியாகும் பொருளாயிற்று. அந்த உரம் நம் நெல் வயலுக்கு வந்தபோது நடந்தது இதுதான்: உரமிட்ட பயிர் கருகருவென்று தழைக்கும், தூர் வெடிக்கும், பார்த்தவர்கள் கண் பட்டுவிடும் போலிருக்கிறது என்பார்கள், கதிர் வெளிவந்து பால் பிடித்து மணி முற்றும் வேளையில் ஒரு மழை இரவு வரும், காலையில் போய்ப் பார்த்தால் பாய் விரித்ததுபோல் வயல் முழுவதும் படுத்துக் கிடக்கும்.

அந்தப் படுத்த பயிரில் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் விளங்கும். நெல்லின் தண்டு மூங்கிலைப் போலக் கணுக்களும், கணுக்களுக்கு இடையே உள்ளீடற்ற குழாய்களும் கொண்டது. அந்தக் குழாய்கள் கதிர் வரும் பருவத்தில்தான் சரசரவென்று நீள்கின்றன. தழைச்சத்து மிகுந்தால் அவை இன்னும் நீண்டு, சுவர் மெலிந்து போகின்றன. மேலே, ஐந்தடி உயரத்தில், மணிகளின் எடையும் மழைநீரின் எடையும் சேர்ந்து தொங்குகின்றன. நீண்ட கழியின் நுனியில் எடை கட்டியது போன்ற நிலைதான். அடிக்கணுவுக்கு அருகில் தண்டு மடிந்துவிடுகிறது. மடிந்தபின் இலைகள் ஒன்றன்மேல் ஒன்று கிடப்பதால் வெயில் படுவதில்லை, மணியில் பால் ஏறுவது நின்று பதராகிறது; தண்ணீரில் கிடக்கும் கதிர் முளைவிடுகிறது; எஞ்சியதை அறுப்பதற்கு இரட்டைக் கூலி. ஆகவே ஓர் அளவுக்கு மேல் உரமிட்டால் விளைச்சல் உயராததோடு குறையவும் செய்தது. வேளாண் அலுவலர் உரம் போடு என்றபோது பழைய விவசாயி தயங்கியதை அறியாமை என்று எழுதி வைத்தவர்கள் உண்டு. அவருடைய தயக்கம் கணக்குப் பார்த்த தயக்கம்.

இதற்குத் தீர்வு தேடிய தொடக்க முயற்சிகளில் ஒன்று இந்தியாவிலேயே நடந்தது. ஜப்பானிய நெல் வகைகள் குட்டையானவை, உரத்தைத் தாங்குபவை. ஆனால் அவற்றின் சோறு குழைந்து ஒட்டும், நம் வெப்பத்தில் அவை சரியாக விளையவும் இல்லை. ஆகவே அவற்றை நம் வகைகளோடு கலப்பது என்ற திட்டத்தை உலக உணவு வேளாண் நிறுவனத்தின் ஆதரவோடு 1950-களில் கட்டக்கிலுள்ள மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் நடத்தியது. கட்டக் நிலையத்தை 1946-இல் தொடங்கி வைத்து நடத்தியவர், கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் பயின்று வளர்ந்த கே. ராமையா. ஜப்பானிய வகைக்கும் நம் வகைக்கும் பிறந்த செடிகளில் பெரும்பாலானவை மலடாகிப் பதரையே தந்ததால், அவ்வளவு உழைப்புக்குப் பிழைத்து வந்த ரகங்கள் மிகச் சில. அவற்றில் இரண்டு நமக்கு நெருக்கமானவை. ஒன்று, 1960-களின் நடுவில் வெளியான ஆடுதுறை 27. மற்றொன்று, மலேயாவில் தேர்ந்தெடுக்கப்பட்டு 1965-இல் வெளியான மசூரி. தமிழ்நாட்டில் பொன்னி என்ற பெயரில் வழங்குவது இதன் வழிவந்ததுதான்.

ஆடுதுறை 27-ஐத் தஞ்சை மாவட்டம் கொண்டாடியது. காரணம் உயரம் மட்டுமன்று. ஏறத்தாழ 105 நாளில் அறுவடைக்கு வருவதால், மேட்டூர் திறந்தவுடன் குறுவை நட்டு, அதை அறுத்துவிட்டுத் தாளடி என்ற இரண்டாம் போகமும் நடலாம் என்ற வாய்ப்பை அது பெரும் பரப்பில் உண்டாக்கிற்று. 1960-களின் தொடக்கத்திலேயே தஞ்சாவூர், விதை, உரம், கடன் ஆகியவற்றை ஒருசேரத் தரும் ‘பாக்கேஜ்’ திட்டத்துக்குத் தேர்வான மாவட்டம் என்பதால், புதிய விதை வந்தபோது அதை ஊர்தோறும் கொண்டுசேர்க்க ஏற்பாடுகள் தயாராக இருந்தன. ஆயினும் இந்த ரகம் முழுக் குட்டையன்று. இன்று நீங்கள் காணும் இடுப்பளவுப் பயிரின் மூலம் வேறு இடத்தில் இருக்கிறது.

அந்த இடம் தைவான். அங்கே ‘டீ-ஜியோ-வூ-ஜென்’ என்று ஒரு நாட்டுநெல் இருந்தது. சீன மொழியில் அதற்குக் ‘குட்டைக்கால், கறுப்பு நுனி’ என்பது போலப் பொருள். நம் ஊர்களில் கறுப்புக்கவுனி, குள்ளக்கார் என்று பெயரிட்ட அதே முறைதான். ஏதோ ஒரு காலத்தில், யாரோ ஒரு விவசாயியின் வயலில், இயற்கையாக நேர்ந்த மாற்றத்தால் குட்டையாகிப்போன செடி அது. விவசாயி அதைப் பிடுங்கி எறியாமல் விதைக்கு எடுத்து வைத்தார். அதன் வழியில் தைவான் ஆராய்ச்சியாளர்கள் 1956-இல் வெளியிட்ட ‘தைச்சுங் நேட்டிவ் 1’ என்ற ரகம், உரமிட்டாலும் சாயாமல் நின்றது. இந்த விதை 1960-களின் நடுவில் இந்தியாவுக்கும் வந்தது. இலைக்கருகல் நோய்க்கு அது எளிதில் இரையாயிற்று என்றாலும், அதைத் தாயாகக் கொண்டு 1968-இல் ‘ஜெயா’ வெளிவந்தது.

இதற்கிடையே பிலிப்பைன்ஸில் லாஸ் பானோஸ் என்ற ஊரில், ஃபோர்டு, ராக்ஃபெல்லர் அறக்கட்டளைகளின் பணத்தில் 1960-இல் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்தது. அங்கே பீட்டர் ஜென்னிங்ஸ் 1962-இல் செய்த 38 கலப்புகளில் எட்டாவது, ‘பேட்டா’ என்ற உயரமான, வீரியமுள்ள இந்தோனேசிய ரகத்தையும் குட்டைக்கால் கறுப்பு நுனியையும் சேர்த்தது. முதல் தலைமுறைச் செடிகள் அத்தனையும் நெட்டையாகவே வளர்ந்தன. இரண்டாம் தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒன்று குட்டையாக நின்றது. மெண்டல் பட்டாணிச் செடியில் கண்ட அதே கணக்கு. அதாவது குட்டைக்குணம் ஒரே ஒரு மரபணுவில் அடங்கியது, ஆகவே அதை எந்த ரகத்துக்கும் எளிதாக ஏற்றலாம். என் பார்வையில் இந்தக் கதையின் உண்மையான திருப்பம் அந்த இரண்டாம் தலைமுறை வயலில்தான் நடந்தது. 1966 நவம்பரில் ரகத்துக்குப் பெயர் சூட்டி அறிவித்தபோது நடந்ததன்று. ஹென்றி பீச்செல் அடுத்தடுத்த தலைமுறைகளில் வடித்தெடுத்த செடியே ஐ.ஆர். 8. எஸ்.கே. தே தத்தா என்ற வங்காளி உழவியலாளர் அதற்குப் படிப்படியாக உரத்தைக் கூட்டிப் பார்த்தபோது, பேட்டாவின் விளைச்சல் கீழே இறங்க, இதன் விளைச்சல் ஏறிக்கொண்டே போய் ஹெக்டேருக்கு 9 டன்னைத் தாண்டிற்று. ஆசியாவில் பல நாடுகளில் 2 டன்னே சராசரியாக இருந்த காலம் அது.

அதே குட்டைக்குணத்தை, இவர்களுக்கு முன்பே, சீனாவின் குவாங்டாங் மாநிலத்தில் ஹுவாங் யாவ்ஷியாங் என்பவர் வேறொரு நாட்டுநெல்லிலிருந்து எடுத்து 1959-இல் ரகம் வெளியிட்டுவிட்டார். அன்றைய அரசியலில் சீனாவின் சேதி வெளியே வரவில்லை. ஒரே கதவை இருவர் இருபுறமிருந்தும் தட்டியிருக்கிறார்கள்.

குட்டையானதால் மட்டும் விளைச்சல் எப்படிக் கூடும் என்று கேட்கலாம். செடி வெயிலைக் கொண்டு ஆக்கும் உணவின் மொத்த அளவு இரு வகைகளிலும் மிகப் பெரிதாக வேறுபடுவதில்லை. அதைப் பங்கிடும் முறைதான் வேறு. பழைய ரகத்தில் நிலத்துக்கு மேலுள்ள எடையில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் நெல், மற்றது வைக்கோல். குட்டை ரகத்தில் நெல்லும் வைக்கோலும் ஏறத்தாழப் பாதிப் பாதி. தண்டை நீட்டச் செலவானது மணிக்குப் போகிறது. அதோடு, நிமிர்ந்து நிற்கும் இலைகளுக்கிடையே வெயில் அடிவரை இறங்குவதால், கண்ணாடி இலை எனப்படும் உச்சி இலைக்குக் கீழுள்ள இலைகளும் கடைசிவரை வேலை செய்கின்றன.

தண்டு ஏன் நீளவில்லை என்பதற்கான விடை, இன்னொரு நெல் நோயிலிருந்து வந்தது. நாற்றங்காலில் ஒருசில நாற்று மட்டும் வெளிறி, மெலிந்து, மற்றவற்றைவிட ஒரு சாண் உயரமாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது கதிர் விடாமலே செத்துப்போகும். ஜப்பானியர் அதை ‘அசட்டு நாற்று’ என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். அது ஒரு பூஞ்சை நோய். அந்தப் பூஞ்சை சுரக்கும் பொருளே நாற்றை நீட்டுகிறது என்று 1926-இல் குரோசாவா என்ற ஜப்பானியர் கண்டறிந்தார். அவர் அப்போது பணியாற்றியதும் தைவானில்தான். அந்தப் பொருளே ஜிபரெல்லின். பின்னர், ஆரோக்கியமான செடிகளும் அளவோடு அதைத் தாமே சுரந்துதான் வளர்கின்றன என்பது தெரியவந்தது. 2002-இல் குட்டைக்கால் கறுப்பு நுனியின் மரபணுவைப் படித்தபோது, ஜிபரெல்லினை ஆக்கும் நொதி ஒன்றின் மரபணுவில் 383 எழுத்துகள் அறுந்துபோயிருப்பது தெரிந்தது. அதே நொதியை ஆக்கும் மற்றொரு மரபணு பூக்களில் முதன்மையாக இயங்குவதால், தண்டு மட்டும் குட்டையாகிறது, கதிருக்குக் கேடு வருவதில்லை. அணுக்கதிர் பாய்ச்சி ஜப்பானிலும் கலிஃபோர்னியாவிலும் தனித்தனியே குட்டையாக்கிய நெல் ரகங்களிலும் பழுதானது இதே மரபணுதான் என்பது பிறகு தெரிந்தது.

உயரத்தோடு இன்னொன்றும் மாறியது. அதைப் பலர் கவனிப்பதில்லை. பழைய சம்பா வகைகள் நாளின் நீளத்தைப் பார்த்துப் பூப்பவை. ஆடியில் விதைத்தாலும் ஆவணியில் விதைத்தாலும், பகல் குறுகும்போதுதான் கதிர் வாங்கும். எனவே பட்டம் தவறி விதைக்க முடியாது. ஐ.ஆர். 8 பகலின் நீளத்தைப் பார்ப்பதில்லை. எப்போது விதைத்தாலும் சுமார் 130 நாளில் அறுவடைக்கு வந்துவிடும். தண்ணீர் இருந்தால் ஆண்டுக்கு இரண்டு போகம், கிணறு வைத்திருப்பவருக்கு மூன்று என்பது இதனால் நிகழ்ந்தது. பம்புசெட்டின் பயனும் இந்த விதையோடு சேர்ந்தபோதுதான் நெல்லில் முழுமையாகக் கிடைத்தது.

இனி இதன் குறைகள். ஐ.ஆர். 8-இன் மணி மொத்தையாக, வயிற்றில் வெள்ளை விழுந்து, அரைவையில் நொறுங்கியது. சோறு ஆறினால் கெட்டிப்பட்டது. ரேஷன் வரிசையில் நின்ற காலத்தில் அதைக் குறைகூறிக்கொண்டே உண்டார்கள். ஆறியபின் கெட்டிப்படும் அந்தக் குணம் சோற்றுக்கு ஆகாதே தவிர இட்லிக்குக் கேடில்லை, அதற்குப் பின் வந்த ரகத்தின் பெயரில் ‘ஐ.ஆர். 20 இட்லி அரிசி’ என்று கடைகளில் மூட்டை இன்றும் விற்பதைக் காணலாம். சுவையைவிடப் பெரிய இடர் பூச்சியும் நோயும். ஒரே ரகம், நெருக்கி நட்ட தூர்கள், மிகுதியான தழைச்சத்து, ஆண்டு முழுவதும் வயலில் பயிர் என்ற நிலை, தண்டின் சாற்றை உறிஞ்சும் புகையான் பூச்சிக்கும் குருத்துப்பூச்சிக்கும் இலைக்கருகலுக்கும் விருந்து வைத்தது போலாயிற்று. மருந்தடிப்பு இந்த வழியாகத்தான் நெல்லுக்குள் பெருகியது. புகையானைக் கட்டுப்படுத்த அடித்த மருந்து அதைத் தின்னும் சிலந்தியையும் கொன்றதால், அடிக்க அடிக்கப் புகையான் பெருகிய கூத்தும் நடந்தது.

எதிர்ப்புத் திறனைத் தேடியபோது, புதிய ரகம் ஓரங்கட்டிய பழைய நெல்லிடமே ஆராய்ச்சியாளர்கள் திரும்பிப் போக வேண்டியிருந்தது. திருவள்ளூர் அருகேயுள்ள திரூர் நிலையத்து டி.கே.எம். 6 குருத்துப்பூச்சியைத் தாங்கும் குணம் கொண்டது. அதைச் சேர்த்து 1969-இல் வந்ததே ஐ.ஆர். 20. குர்தேவ் குஷ் 1976-இல் தந்த ஐ.ஆர். 36-இன் மூதாதையரில் டி.கே.எம். 6-உம் கேரளத்துப் பட்டாம்பி ரகங்களும் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் எடுத்த ‘ஒரைசா நிவாரா’ என்ற காட்டுநெல்லும் உண்டு. ஆயிரக்கணக்கான மாதிரிகளைச் சோதித்து, புல்தூர்க் குட்டை என்ற நச்சுயிரி நோயைத் தாங்கியது அந்தக் காட்டுநெல் ஒன்றுதான் என்று கண்டார்கள். அதைக் களை என்று பிடுங்கிப் போட்டவர்களே நாமெல்லாம்.

வைக்கோல் குறைந்ததை இழப்பாகச் சொல்வோரை நான் மறுக்க மாட்டேன். கூரை வேய ஆகாத, மாட்டுக்குப் போதாத குட்டை வைக்கோல், உழவு மாடு வயலை விட்டுப் போனதற்கு ஒரு சிறு காரணமாவது இருக்கும். இரண்டு போகம் ஆனதால் நடவுக்கும் அறுவடைக்கும் ஆள் தேவை கூடியது. கூடிய விளைச்சலில் பங்கு கேட்ட தொழிலாளருக்கும் நிலக்கிழாருக்கும் கீழத்தஞ்சையில் மோதல் வலுத்தது. 1968 டிசம்பர் 25 அன்று கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டதன் வேர் நில உடைமையிலும் சாதியிலும் இருக்கிறது, விதையில் இல்லை. ஆயினும் அந்த ஆண்டுகளின் கூலிப் பேச்சைப் புதிய நெல்லை விட்டுவிட்டுப் பேச முடியாது. மறுபக்கத்தில், 1965, 66-ஆம் ஆண்டுகளின் வறட்சியில் அமெரிக்கக் கோதுமைக் கப்பலை எதிர்பார்த்திருந்த நாடு இது. 1967 தேர்தலில் ‘ரூபாய்க்குப் படி அரிசி’ என்பதே தமிழ்நாட்டில் பெரிய வாக்குறுதியாக இருந்தது. அன்றைய உணவு அமைச்சர் சி. சுப்பிரமணியம் குட்டைக் கோதுமையின் விதையை மெக்சிகோவிலிருந்து 18,000 டன் வரவழைத்ததும் அந்த நெருக்கடியில்தான். அந்தச் சூழலில் இருந்தவர்களிடம் உயரமான நெல்லே அழகு என்று யாரும் வாதாடியிருக்க முடியாது.

இன்று கடையில் ‘ஆந்திரா பொன்னி’ என்று வாங்கும் அரிசி பெரும்பாலும் பி.பி.டி. 5204. 1986-இல் ஆந்திரத்தில் வெளியான இதன் பெற்றோர் மூவர்: தைவானின் தைச்சுங் நேட்டிவ் 1, மலேயா வழியாக வந்த மசூரி, கோயம்புத்தூரில் 1921-இல் வெளியான ஜி.இ.பி. 24. இந்த மூன்றாவதையே கிச்சிலிச் சம்பா என்று அழைக்கிறார்கள். குட்டைத் தண்டு ஒன்றிடமிருந்தும், சன்ன மணியும் சோற்றுச் சுவையும் மற்றவற்றிடமிருந்தும் வந்தன. ஆகவே இன்றைய குட்டை நெல் பழைய நெல்லுக்கு அந்நியமானது என்று எண்ண வேண்டியதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கம் யாராவது மாப்பிள்ளைச் சம்பாவோ காட்டுயானமோ பயிரிட்டிருந்தால், அறுவடைக்கு முன் கேட்டு ஒரு தண்டை வாங்கி வாருங்கள். உங்கள் வயலிலிருந்தும் ஒன்றை அடியோடு அறுத்து எடுங்கள். இரண்டையும் அடிப்பக்கம் ஒன்றாகச் சேர்த்து வைத்து, தோகையை உரித்துவிட்டுக் கணுக்களை எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கையில் பெரிய வேறுபாடு இருக்காது. கணுவுக்கும் கணுவுக்கும் இடையிலுள்ள நீளம்தான் ஒன்றில் சாணும் மற்றதில் விரற்கடைகளுமாக இருக்கும். கொடுத்தவரிடம் எவ்வளவு யூரியா போட்டார் என்றும் கேளுங்கள். போடவில்லை என்றுதான் சொல்வார். போட்டிருந்தால் பயிர் படுத்திருக்கும்.